ஓர்ஃபா டாக்கெட்டின் உப்பு

காலையில் கையைத் தூக்கிக் கொண்டை போட முடியவில்லை. வலது தோள்பட்டையில் தொடங்கிய வலி முதுகு வழியாக இறங்கி, இடுப்பில் முளையடித்தது போல உட்கார்ந்திருந்தது. ஒருக்களித்துப் புரண்டு, காலைத் தரையில் ஊன்றி, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். முந்தின நாள் நான்கு பன்றிகளை அடித்து, கொதிநீர்ப் பீப்பாயில் முக்கி, மயிர் சுரண்டி, குடல் எடுத்து, தலைகீழாகத் தூக்கிக் கட்டியிருந்தோம். அக்கம்பக்கத்து ஆண்களெல்லாம் கூடி, இன்றைக்கு உன் வீடு நாளைக்கு என் வீடு என்று முறை வைத்துச் செய்கிற வேலை அது. அந்த வருஷம் செய்தது நானும், என் நாத்தனார் பெர்மீலியாவும், ஒரு கோவேறு கழுதையும்.

"அண்ணி, கொண்டைய நான் போட்டு விடவா?" என்று அடுப்படியில் இருந்து கேட்டாள் பெர்மீலியா.

"உன் கை மட்டும் வாழுதாக்கும்?"

"என் கையும் போச்சு. வாய் நல்லா இருக்கு, வேணும்னா அதால போட்டு விடறேன்."

"அதுக்கு ஒரு நாளும் வலி வராது" என்றேன்.

அவிழ்ந்த தலையோடு ஒரு துணியைக் கட்டிக்கொண்டு நகரத்துக்குக் கிளம்பினேன். உப்பு வாங்க வேண்டும். கறி தொங்குகிறது, உப்பில்லை. அன்றைக்கு எங்களுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். நான்கு பன்றிக் கறியும் உப்பேறிப் புகையறைக்குள் போனால் எங்கள் வீட்டில் ஐந்து வாய்கள் வசந்தம் வரைக்கும் பிழைத்துக்கொள்ளும். போகாவிட்டால் மக்காச்சோளக் கஞ்சியும் பனியும்தான்.

உள்நாட்டுச் சண்டையின் நான்காவது வருஷம். எங்கள் கென்டக்கி இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கிடந்தது. வடக்கே போனால் நீலச்சட்டை போட்ட அரசாங்கப் பட்டாளம், தெற்கே போனால் சாம்பல்சட்டை போட்ட கலகப் பட்டாளம். என் புருஷன் ஆம்ப்ரோஸ் நீலம். அவன் தங்கை பெர்மீலியாவின் புருஷன் டாப்னி சாம்பல். இரண்டு பேரும் ஒன்றாகப் புகையிலை நட்டவர்கள். ஒரே இலையுதிர் காலத்தில் ஒருவன் ஆற்றுப் பாதையிலும் மற்றவன் மலைப் பாதையிலும் போனான். பெர்மீலியாவின் வீடு பெரிய சாலையை ஒட்டி இருந்தது. சாலையோரத்து வீடு எந்தப் பட்டாளத்துக்கும் தாங்காது. முதலில் வேலிக் கட்டைகள் அடுப்புக்குப் போயின, பிறகு கோழிகள், பிறகு ஒரு நாள் எந்தப் பக்கத்தையும் சேராத கொள்ளைக்காரர்கள் கூரைக்கே தீ வைத்தார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வேறு எங்கே போவாள்? அது அவள் பிறந்த வீடு.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. சாப்பாட்டு மேசையில் இரண்டு புருஷன்மார் பேரும் எடுக்கக் கூடாது. ஜெபம் அவரவர் மனசுக்குள். சத்தமாகச் செய்தால் யாருக்குக் கேட்கிறோம் என்று பேர் சொல்ல வேண்டி வரும், பேர் சொன்னால் தட்டு பறக்கும். ஒரு தடவை பறந்தது. நல்ல தட்டு.

பன்றியை அவ்வளவு சீக்கிரம் அடித்ததற்குக் காரணம் இருந்தது. நவம்பர் பாதிதான் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் கிறிஸ்துமஸை ஒட்டி, தரை கல்லாக இறுகிய பிறகுதான் கத்தியை எடுப்பார்கள். ஆனால் பட்டாளத்துக்குப் பன்றி பிடிக்கிறவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அவர்கள் சொல்கிற விலைக்கு உயிரோடு ஓட்டிக்கொண்டு போவார்கள். தர மாட்டேன் என்றால் துரோகி என்று எழுதிக்கொள்வார்கள். புருஷன் அதே பட்டாளத்தில் இருக்கிறான் என்று சொன்னால், அப்படியா, அவனுக்குத்தானே கொண்டு போகிறோம் என்பார்கள். அடுத்தடுத்து இரண்டு காலை உறைபனி விழுந்திருந்தது. வாளித் தண்ணீரில் பனி ஆடை கட்டியிருந்தது. அடித்துவிடலாம் என்றேன்.

"தேய்பிறைங்க அண்ணி. தேய்பிறைல அடிச்சா கறி சட்டில சுருங்கும்."

"பட்டாளத்துக்காரன் வயித்துக்குள்ள போனா அத விடச் சுருங்கும்."

"அப்புறம் என்னக் குத்தம் சொல்லக் கூடாது."

"நீ சொல்லாம இருந்த நாள் எது?"

அடித்தோம். குளிர் நிற்கும் என்று நம்பியது என் தப்பு. பிறையைப் பார்த்திருக்க வேண்டாம், காற்றையாவது பார்த்திருக்கலாம்.

நகரத்தில் உப்பு வேண்டுமென்றால் நேராகக் கடைக்குப் போக முடியாது. நீதிமன்றக் கட்டடத்தில் பட்டாளத்து அதிகாரி உட்கார்ந்திருப்பான். அவனிடம் அனுமதிச் சீட்டு வாங்கினால்தான் கடைக்காரன் மூட்டையைத் தொடுவான். உப்பு சாம்பல்சட்டைகளின் கையில் போய்விடக் கூடாது என்று அந்த ஏற்பாடு. போன இரண்டு வருஷமும் ஆம்ப்ரோஸ் பேரைச் சொன்னதும் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்கள். இந்தத் தடவை இருந்தவன் புதியவன், வடக்கத்திப் பையன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"வீட்டுல வளந்த ஆளுங்க எத்தன பேரும்மா?"

"நான் ஒருத்திதான்."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "எதிரிப் பட்டாளத்துக்காரன் பொண்டாட்டி ஒருத்தி உங்க வீட்டுல இருக்கறதா சொல்றாங்களே?"

"அது என் புருஷனோட தங்கச்சி."

"யாரோட தங்கச்சியா இருந்தா என்ன? யாரோட பொண்டாட்டின்னுதான் சட்டம் பாக்கும். அவ வந்து பைபிள்ல கை வச்சு விசுவாசச் சத்தியம் பண்ணணும். இல்லாட்டி அவ அந்த வீட்டுல இருக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணு நடந்தா அன்னைக்கே சீட்டு."

"கறி தொங்குது தம்பி. அடிச்சாச்சு."

"முன்னாடியே வந்திருக்கணும்" என்றான். அவன் சொன்னது சரிதான். அதனால் இன்னும் எரிச்சலாக வந்தது.

வெளியே வந்தபோது வியர்த்தது. முதலில் கோபத்தால் என்று நினைத்தேன். பிறகுதான் கழுத்தில் காற்றுப் பட்டது. தெற்கத்திக் காற்று. குதிரை கட்டும் கட்டையின் மேல் இருந்த உறைபனி உருகி ஈரமாக நின்றது. வீடு வரும் வரைக்கும் கழுதையை நடக்க விடவில்லை.

பெர்மீலியா முற்றத்தில் நின்று மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்துகொண்டிருந்தாள். நான் சொல்வதற்கு முன்னாலேயே என் பின்னால் மூட்டை இல்லாததைப் பார்த்துவிட்டாள். நடந்ததைச் சொன்னேன். ஒரு சொல்லும் மறைக்கவில்லை.

"என்ன சத்தியம் அது?"

"இந்த அரசாங்கத்துக்கு விசுவாசமா இருப்பேன். எதிரிக்குச் சோறோ தண்ணியோ தகவலோ தர மாட்டேன். தந்தா தூக்குல போடலாம். அப்படித்தான்."

"நாளைக்கு டாப்னி வந்து கதவத் தட்டினா?"

"தண்ணி இல்லன்னு சத்தமா சொல்லிட்டு மெதுவா குடு. யாரு பாக்கப் போறா?"

"சத்தியம் பண்ணிட்டு?"

"ஊரே பண்ணியிருக்கு பெர்மீலியா. நம்ம போதகரே பண்ணியிருக்காரு."

"அவரு எதத்தான் பண்ணல?" என்றாள். பிறகு தொங்கிக்கொண்டிருந்த பன்றிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "செய்ய மாட்டேன்னு தெரிஞ்சே செய்வேன்னு பைபிள் மேல கை வைக்க என்னால முடியாது அண்ணி. நான் நல்லவள்னு சொல்லல. முடியாதுன்னு சொல்றேன்."

"அப்ப உன்ன வெளிய அனுப்பணும். அதுவும் சொன்னான்."

"அனுப்புங்க."

அனுப்பலாம் என்று வரும் வழியில் நினைக்காமல் இல்லை. ஒரு மைல் தூரம் நினைத்தேன். என் பெண்கள் இருவர், அவள் பிள்ளை ஒன்று. கறி இல்லாமல் ஐந்து பேர் காய்வதா, கறியோடு மூன்று பேர் பிழைப்பதா என்ற கணக்கு கெட்ட கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. பசியைத் தெரிந்தவர்கள் அந்தக் கணக்கைப் போடுவார்கள். ஆனால் அவள் இரண்டு கைகளையும் தூக்க முடியாமல் தொங்கவிட்டபடி அங்கே நின்றாள். அந்தக் கை என்னுடைய பன்றிகளைத் தூக்கித் தூக்கி ஓய்ந்த கை.

"உன்ன அனுப்பிட்டா மிச்சத்த யாரு வெட்டுறது? போய் மண்வெட்டிய எடு" என்றேன்.

"எதுக்கு?"

"புகையறைத் தரையத் தோண்டணும்."

ஆம்ப்ரோஸின் அப்பா காலத்தில் கட்டின புகையறை அது. முப்பது நாற்பது வருஷம் தொங்கிய கறியில் இருந்து உப்புநீர் சொட்டிச் சொட்டி மண்ணுக்குள் இறங்கியிருந்தது. மழைக்காலத்தில் மாடுகள் அந்தச் சுவரின் அடியை நக்க வரும். சண்டை தொடங்கியதில் இருந்து தெற்கே பல வீடுகளில் இதைத்தான் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கொழுப்பேறிக் கறுத்திருந்த மேல்மண்ணை ஒரு முழ ஆழத்துக்கு வெட்டி, சோப்புக்குச் சாம்பல்நீர் வடிக்கிற மரத்தொட்டியில் வைக்கோல் பரப்பிக் கொட்டினோம். மேலே தண்ணீர் ஊற்ற, கீழே பழுப்பாக வடிந்தது. விரலை வைத்து நக்கிப் பார்த்தேன். மண், புகை, பழைய கொழுப்பு, கடைசியில் உப்பு.

"எப்படியிருக்கு?" என்றாள்.

"உங்கப்பா வியர்வை மாதிரி இருக்கு."

"எங்கப்பாவுக்கு எங்க வியர்த்தது? வியர்க்கிற வேலைய எங்கம்மாதான் பாத்தா" என்றாள் பெர்மீலியா. இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தால் முதுகு வலித்தது, அதற்கும் சிரித்தோம்.

பன்றி முக்கின பெரிய இரும்புக் கொப்பரையிலேயே காய்ச்சினோம். மூத்தவள் டெல்ஃபி விறகு தள்ளினாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. இளையது பெர்மீலியாவின் பிள்ளையைத் தீப் பக்கம் போகாமல் பிடித்து வைத்திருந்தது. பொழுது சாயும்போது அடியில் தங்கியது ஈரச் சர்க்கரை போன்ற பழுப்பு உப்பு, ஒரு சின்னத் தவலை அளவு. ஒரு பன்றிக்கு வரும். இழுத்துப் பிடித்தால் ஒன்றரை. மூன்று முறை மண்ணைக் கழுவியாயிற்று, அதற்கு மேல் வடிந்தது வெறும் சேற்றுநீர்.

இருட்டும் முன் ஒரு பன்றியைத் துண்டம் போட்டு அந்த உப்பைத் தேய்த்து மரத்தொட்டியில் அடுக்கினோம். மற்ற மூன்றும் தொங்கின. குளிர் வரவில்லை. மறுநாள் காலையில் கூரிய குச்சியைத் தொடையின் மூட்டு வரைக்கும் குத்தி இழுத்து மோந்து பார்த்தேன். கறி கெடுவது எலும்பில்தான் தொடங்கும், வெளியே தெரியாது. இன்னும் நாற்றம் இல்லை. இனிப்பாக ஏதோ ஒன்று தொடங்கியிருந்தது. பெர்மீலியாவிடம் நீட்டினேன். அவளும் மோந்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் தாங்கும்" என்றாள்.

"யாரு வீட்டுல உப்பு இருக்கு?"

கேட்டது நான். பதில் இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு வயல் தள்ளி ஓர்ஃபா டாக்கெட் வீட்டில் இருக்கும். அவள் புருஷன் சண்டைக்கு முன்னமே செத்தவன். உப்பை எப்போதும் இரண்டு வருஷத்துக்குச் சேர்த்து வாங்குகிறவன், அந்தப் பழக்கத்தை அவளும் விடவில்லை. ஒரே மகன் லெமுவேல் நீலச்சட்டைப் பக்கத்து ஊர்க்காவல் படையில் இருந்தான். அதற்கு முந்தின வருஷம் ஜூலையில், சாம்பல்சட்டைக் குதிரைப்படை ஆற்றைக் கடந்தபோது, கல்துறையில் நடந்த சண்டையில் செத்தான். பத்தொன்பது வயது. அந்தச் சண்டையில் டாப்னியும் இருந்தான். அன்றிலிருந்து கோயிலில் பெர்மீலியா ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் ஓர்ஃபா எழுந்து வேறு பெஞ்சுக்குப் போவாள்.

"நான் தனியாப் போய்க் கேக்கறேன். நீ இரு" என்றேன்.

"யாராலதான் உப்பில்ல? நானும் வர்றேன். முகத்துல துப்பினா துடைச்சுக்கறேன்."

நாங்கள் போனபோது ஓர்ஃபா முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். ஐம்பது தாண்டியவள். பழக்கமில்லாத கை, கோடாலி ஒவ்வொரு தடவையும் கட்டையின் ஓரத்தில் பட்டுத் தெறித்தது. அந்தக் கோடை வரைக்கும் அந்த வீட்டில் அடிமையாக இருந்த சாரிட்டியும் அவள் புருஷனும்தான் அந்த வேலையெல்லாம் பார்த்தார்கள். கறுப்பர்களையும் பட்டாளத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள், சேர்ந்தால் விடுதலை என்று தெரிந்த வாரத்தில் அவன் போனான், அவன் பின்னால் அவளும் போனாள். நன்றிகெட்டவர்கள் என்று ஊர் பேசியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நானாக இருந்தால் இன்னும் முன்னாலேயே போயிருப்பேன், கோடாலியையும் எடுத்துக்கொண்டு.

ஓர்ஃபா எங்களைப் பார்த்தாள். கோடாலியைக் கட்டையில் பதித்துவிட்டு, "என்ன வேணும் ஹல்டா?" என்று என்னை மட்டும் கேட்டாள்.

"உப்பு அக்கா. மூணு பன்னி தொங்குது. காத்து மாறிப்போச்சு."

"ஆபீசுல சீட்டுத் தரலையா?"

"தரல. யாரோ போய்ச் சொல்லியிருக்காங்க."

"யாரோ இல்ல. நான்தான் சொன்னேன். ஒளிக்க மாட்டேன்."

எனக்கு வாய் வரைக்கும் ஒன்று வந்தது. தோள் வலி அதை அடக்கியது என்றுதான் சொல்ல வேண்டும். கையை ஓங்க முடியாதவளுக்குப் பேச்சும் ஓங்காது. பெர்மீலியா முன்னால் வந்தாள்.

"சொன்னது தப்பில்ல அத்த. உள்ளதத்தான சொன்னீங்க."

ஓர்ஃபா முதல் தடவையாக அவளைப் பார்த்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் பார்க்காத முகம். இரண்டு பேர் முகமும் அந்த ஒரு வருஷத்தில் எலும்பும் தோலுமாகப் போயிருந்தன. "போயி அந்தச் சத்தியத்தப் பண்ணிட்டு வாங்கிக்க வேண்டியதுதான?" என்றாள் ஓர்ஃபா.

"பண்ண முடியாது."

"ஏன், உன் துரைக்கு ரோஷம் வந்துருமா?"

"அவரு வந்தா சோறு போடுவேன். போட மாட்டேன்னு பொய்ச் சத்தியம் பண்ண முடியாது. அவ்வளவுதான்."

ஓர்ஃபா விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்தாள். உள்ளங்கைக் கொப்புளம் ஒன்று உடைந்து நீர் வழிந்தது. பாவாடையில் துடைத்தாள். எங்களை உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

"கல்துறைல உங்க பட்டாளத்துக்கிட்டப் பிடிபட்டு அப்புறம் விடுதலையான பையன் ஒருத்தன் என்கிட்ட வந்து சொன்னான்" என்றாள். "செத்தவங்களப் புதைக்க உங்க ஆளுங்களத்தான் விட்டாங்களாம். மண்வெட்டி பிடிச்சவங்கள்ல உன் புருஷனும் ஒருத்தன். அந்தப் பையன் கண்ணால பாத்திருக்கான்."

அது பெர்மீலியாவுக்கும் எனக்கும் புதுச் செய்தி.

"நான் மூணு நாள் கழிச்சுப் போனேன். மழை. எங்க பாத்தாலும் சேறு. யாரக் கேட்டாலும் அந்தப் பக்கம்ங்கறான், இந்தப் பக்கம்ங்கறான். என் பையன எங்க போட்டாங்கன்னு தெரியாம திரும்பி வந்தேன்." அவள் குரல் உயரவில்லை. பால் விலை சொல்வது போலத்தான் சொன்னாள். "உன்னக் கேக்கணும்னு எத்தனையோ தடவை நெனச்சேன். உன்கிட்டப் பேசவேண்டி வருமேன்னு கேக்கல."

"எனக்குத் தெரியாது அத்த. அவரு அதச் சொல்லவேயில்ல."

"தெரியாதுன்னு தெரியும். கேட்டுச் சொல்லு. உப்பு எடுத்துக்கங்க, வேணுங்கிற அளவு. அத நீங்க திருப்பித் தர வேண்டாம். அவன் வந்ததும், இல்ல, அவனப் பாக்க முடிஞ்சதும், லெமுவேல எங்க போட்டான்னு கேட்டு வந்து சொல்லு. அதான் உப்புக்கு மாத்து."

"கேட்டுச் சொல்றேன்."

"சத்தியமா?"

"சத்தியம் பண்ணாததாலதான உங்க முன்னாடி வந்து நிக்கறேன்" என்றாள் பெர்மீலியா. "சொல்றேன்னா சொல்றேன்."

ஓர்ஃபாவின் வாயோரம் அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். "சாரிட்டி இருந்தா அவ அள்ளிப் போடுவா. வாங்கடி, மூட்டைய நீங்கதான் தூக்கணும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

வெள்ளை உப்பு. பார்த்து எவ்வளவு நாளாயிற்று. கழுதையின் மேல் ஏற்றும்போது சிந்தியதைப் பெர்மீலியா கீழே குனிந்து மண்ணோடு பொறுக்கி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலத்துக்குள் மூன்று பன்றியையும் வெட்டி, எலும்போரமெல்லாம் உப்பை அழுத்தி ஏற்றி அடுக்கிவிட்டோம். ஒரு தொடை மட்டும் மூட்டில் வீச்சமெடுத்திருந்தது. அதை வெட்டி எறிந்தோம். மற்றது எல்லாம் நின்றது. நான்காம் நாள் குளிர் திரும்பி வந்தது, வராமலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சொல்லும் அளவுக்கு வந்தது. பன்றி பிடிக்கிறவர்கள் வந்து காலித் தொழுவத்தைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார்கள். மண்ணில் இருந்து வடித்த உப்பு போட்ட கறி மட்டும் கடைசி வரைக்கும் பழுப்பாகவே இருந்தது. சட்டியில் அது சுருங்கியது. பெர்மீலியா என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் பார்த்ததுதான் தாங்கவில்லை.

எங்கள் வீட்டில் அந்தக் குளிர்காலத்தில் யாரும் சாகவில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய வீடுகள் அதிகமில்லை.

டாப்னி மே மாதக் கடைசியில் வந்தான். அவன் பக்கம் தோற்றிருந்தது, ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு நடந்தே வந்தான். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். தாடிக்குள் முகத்தைத் தேட வேண்டியிருந்தது. பெர்மீலியா அழுதாள், பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள், தண்ணீர் கொடுத்தாள். அவன் அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவிக் கடித்தபோது கேட்டாள்.

"கல்துறைல நீங்கதான் குழி வெட்டினீங்களா?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "யாரு சொன்னா?"

"லெமுவேல் டாக்கெட்ட எங்க போட்டீங்க?"

"லெமுவேலா? அந்த லெமுவேலா அதுல இருந்தான்?" என்றான். உண்மையாகவே தெரியாமல் கேட்டான். ரொட்டியைத் தட்டில் வைத்தான். "துறைக்குக் கீழ, மேட்டுக்கும் ஆத்துக்கும் நடுவுல ஒரு தாழ்ந்த வயலு. நீளமா ஒரே குழி. வரிசையாப் போட்டோம். மழை கொட்டுது, மேல இருந்து சீக்கிரம் சீக்கிரம்னு கத்தறாங்க. நான் முகத்தப் பாக்கல பெர்மீலியா. பாத்தா தோண்ட முடியாது. எல்லாரும் நம்ம ஊர்ப் பக்கத்துப் பசங்களா இருப்பாங்கன்னு தெரியும். தெரிஞ்சுதான் பாக்கல."

பெர்மீலியா சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் உப்பு வாங்கினது இந்தப் பதிலுக்கு இல்லை.

நான் சொன்னேன்: "ஏதாவது ஒரு மரத்தக் காட்டி, இதுக்குக் கீழதான்னு சொல்லிடு டாப்னி. அந்தப் பொம்பளைக்கு உக்காந்து அழ ஒரு இடம் வேணும். எது வேணா இருந்துட்டுப் போகட்டும்." இப்போதும் அதைத் தப்பான யோசனை என்று நான் நினைக்கவில்லை.

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். பெர்மீலியா தலையை ஆட்டினாள். "தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுங்க. தெரிஞ்ச வயலக் காட்டுங்க" என்றாள்.

மறுநாள் அவனே ஓர்ஃபா வீட்டுக்குப் போனான். நானும் பெர்மீலியாவும் பின்னால் போனோம், அவன் அடிபட்டு வந்தால் தூக்கி வர. ஓர்ஃபா அடிக்கவில்லை. அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னதை முழுக்கக் கேட்டாள். "வண்டியக் கட்டு" என்றாள்.

கல்துறையில் தாழ்ந்த வயலைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. ஆனால் அது இப்போது மக்காச்சோள வயல். இரண்டாவது தடவை உழுது விதைத்து, பயிர் முழங்கால் உயரம் நின்றது. உழுதபோது பொத்தான்கள் கிடைத்தன, ஒரு பெல்ட் கொக்கி கிடைத்தது என்றான் வயல்காரன். எந்த இடத்தில் என்று கேட்டால் கையை ஒரு சுற்றுச் சுற்றினான். டாப்னி வரப்பில் நின்று, இங்கேயிருந்து அந்தக் கல் வரைக்கும் இருக்கலாம் என்றான். ஓர்ஃபா பயிருக்கு நடுவில் போய் நின்றாள். ஒரு செடியையும் மிதிக்காமல் பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இங்கேயிருந்து அந்தக் கல் வரைக்கும்னா, எதுடா என் பையன்?" என்றாள்.

டாப்னி வரப்பில் இருந்து கீழே இறங்கினான்.

"அவனுக்கு இடது முழங்காலுக்குக் கீழ எலும்பு கோணலா இருக்கும்" என்றாள் பிறகு. "ஆறு வயசுல கழுதை ஒதச்சு ஒடைஞ்சது. கட்டினவன் சரியாக் கட்டல. அறுப்பு முடியட்டும். தோண்டிப் பாரு."

ஜூலையில் ஆம்ப்ரோஸ் வந்து சேர்ந்தான். வாசலில் டாப்னியைப் பார்த்ததும் இரண்டு பேரும் சற்று நேரம் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். உள்ளே போய்க் கைகழுவுங்கள் இரண்டு பேரும் என்று நான் சத்தம் போட்டேன். அந்த இலையுதிர் காலத்தில் சோளம் ஒடித்த பிறகு இரண்டு பேருமாக மண்வெட்டியோடு கல்துறைக்குப் போனார்கள். எலும்பு கிடைத்தது. எல்லாம் நேரான கால்கள். தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடியும் மூடினார்கள். அடுத்த வருஷமும் போனார்கள். அதற்கடுத்த வசந்தத்தில் ஆறு பெருகி, வயலின் கீழ்ப் பாதியை அறுத்துக்கொண்டு போயிற்று. மேல் பாதியில் இன்னும் தோண்டாத இடம் உண்டு. ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் டாப்னி இழுத்த காலோடு போகிறான். தோண்டவிட வயல்காரன் இப்போதெல்லாம் காசு கேட்பதில்லை, காப்பி கொடுக்கிறான்.

உப்பு மலிந்த பிறகு ஆம்ப்ரோஸ் ஒரு முழு மூட்டையை வண்டியில் ஏற்றி ஓர்ஃபா வீட்டுக்குக் கொண்டு போனான். கணக்கை முடித்துவிடலாம் என்று நினைத்தான். ஆண்கள் அப்படித்தான் நினைப்பார்கள். அவள் வாசலைத் தாண்ட விடவில்லை.

"நான் கேட்டது இது இல்ல தம்பி. திருப்பி ஓட்டு" என்றாள்.

அந்த மூட்டையை நாங்களே தின்று தீர்த்தோம். ஓர்ஃபா இன்னும் இருக்கிறாள், விறகு இப்போது நன்றாகப் பிளக்கிறாள். கோயிலில் பெர்மீலியாவின் பெஞ்சிலேயே உட்காருகிறாள், பேச்சு அதிகமில்லை. அவள் மகன் லெமுவேல் கிடக்கும் இடத்தை நாங்கள் அவளுக்குக் காட்ட வேண்டும். அந்தக் கடன் இன்னும் அடையவில்லை.